மார்ச் பனிப்புயலுக்குப் பிறகு நியூ ஜெர்சியில் அடுத்த பத்து நாள்: எதை நம்பலாம், எதைக் கவனிக்க வேண்டும்

புயல் ஓய்ந்துவிட்டது, எடிசனில் வீட்டைச் சுற்றி ஒன்றரை அடிப் பனி கிடக்கிறது, மார்ச்சும் பிறந்துவிட்டது, இனி பத்து நாள் எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் படித்தால் உண்மையில் உங்களை உறுத்துவது மூன்று விஷயம் என்று தெரிகிறது. ஆப் காட்டும் ‘சனிக்கிழமை 55 டிகிரி’யை நம்பலாமா? இவ்வளவு பனியும் உருகினால் பேஸ்மென்டில் தண்ணீர் ஏறுமா? இதோடு குளிர்காலம் ஒழிந்ததா, இல்லை இன்னொரு புயல் பாக்கியிருக்கிறதா? மூன்றுக்கும் ஒரே உறுதியோடு பதில் சொல்ல முடியாது. புயலுக்கு அடுத்த மூன்று நாளைப் பற்றி ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை வெப்பநிலையை ஓரளவு சொல்லலாம், ஆனால் வெள்ளத்தைத் தீர்மானிப்பது அந்த எண் இல்லை, டியூ பாயின்ட், அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. அதற்கு அப்பால் யாராலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டுமே சொல்ல முடியும். இங்கே வெப்பநிலைக்கு டிகிரி என்று எழுதுவதெல்லாம் பாரன்ஹீட்.

முதலில் அந்த மூன்று நாள். கடலோரமாக ஏறிவரும் நார்ஈஸ்டர் என்னும் வடகிழக்குக் காற்றுப் புயல் கனடாவின் கிழக்குக் கரைப் பக்கம் நகர்ந்ததும், அதன் பின்னால் வடமேற்குக் காற்று வறண்ட குளிரை இழுத்து வரும். முதல் நாள் காற்று பலமாக இருப்பதால் உடம்புக்குத்தான் அதிகக் குளிராகத் தெரியும். தெர்மாமீட்டர் அவ்வளவு இறங்காது. உண்மையான குளிர் இரண்டாம், மூன்றாம் இரவில் வருகிறது. உயரழுத்தம் நேராகத் தலைக்குமேல் வந்து உட்காரும்போது காற்று அடங்கி, வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். புதுப்பனி பகலில் விழும் வெயிலில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இரவில் தன் வெப்பத்தைத் தாராளமாக வானத்துக்குக் கொட்டுகிறது. கீழே மண்ணிலிருந்து வரும் வெப்பத்தை மேலே ஏறவிடாமல் தடுக்கவும் செய்கிறது. இந்த மூன்றும் சேரும் இரவில் ஆப் சொன்ன குறைந்தபட்ச வெப்பநிலையைவிட 5 முதல் 10 டிகிரி கூடுதலாக இறங்குவது சாதாரணம். சசெக்ஸ் கவுண்டியின் பள்ளத்தாக்குகளும் தெற்கே பைன் பேரன்ஸும் இதற்குப் பேர்போனவை. கான்கிரீட் சூழ்ந்த நூவர்க்கிலும் ஜெர்சி சிட்டியிலும் அவ்வளவு இறங்காது. எடிசன் இரண்டுக்கும் இடையில்.

ஆனால் இது ஜனவரி இல்லை. டிசம்பர் 21 அன்று உங்கள் ஊரில் நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து 26 டிகிரி கோணத்துக்குத்தான் ஏறுகிறது. மார்ச் 20 அன்று சுமார் 49 டிகிரிக்கு ஏறுகிறது. பகல் ஒன்பதேகால் மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரமாகிவிட்டது. அதாவது மார்ச் மூன்றாம் வாரத்து வெயிலுக்குச் செப்டம்பர் கடைசி வெயிலின் வலு. அதனால் காற்று 28 டிகிரியில் இருந்தாலும் கறுப்புத் தார் தெரியும் இடமெல்லாம் மதியம் நனைந்து ஓடும். ஓடிய தண்ணீர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உறையத் தொடங்கும். இந்த வாரத்தில் பெரிய ஆபத்து எது என்று கேட்டால், வெள்ளத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைத்த பிறகு சூரியன் உதிப்பது ஏழேகாலுக்கு என்றாகிவிடும். குழந்தைகள் ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கும் நேரமும் நீங்கள் ரயில் நிலையத்துக்கு ஓடும் நேரமும் அந்த நாளிலேயே அதிகக் குளிரான நேரமாக அமைந்துவிடும்.

உப்பு தூவுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரணப் பாறை உப்பு ஒரு பவுண்டு, 30 டிகிரியில் சுமார் 46 பவுண்டு பனிக்கட்டியை உருக்கும். 20 டிகிரியில் எட்டரைப் பவுண்டு சொச்சம்தான். 10 டிகிரியில் ஐந்துக்கும் கீழே. ஆகவே விடியற்காலை வழுக்குகிறதே என்று ஐந்து மணிக்கு மூட்டையைக் கவிழ்ப்பதில் பயன் குறைவு. முந்தின நாள் மாலை, தண்ணீர் இன்னும் உறையாமல் இருக்கும்போது, முதலில் ஷவலால் வழித்துவிட்டு மெல்லிசாகத் தூவுங்கள். 12 அவுன்ஸ் காபி மக் ஒன்று நிறைய எடுத்தால் 20 அடி டிரைவ்வேக்குப் போதும். 15 டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவென்றால் கால்சியம் குளோரைடு வாங்குங்கள், இல்லாவிட்டால் மணல் போடுங்கள். மணல் எதையும் உருக்காது; கால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவே.

இப்போது அந்த 55 டிகிரி. ஆப்கள் பெரும்பாலும் கணினி மாடல்களின் எண்களை மனிதக் கை படாமல் எடுத்துக் காட்டுகின்றன. தரையில் எவ்வளவு பனி இருக்கிறது, எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதில் மாடல்கள் அடிக்கடி சறுக்கும். பனி சீக்கிரம் போய்விடும் என்று மாடல் நினைத்துக்கொண்டால், இல்லாத வெறும் தரையை வெயில் சுடவைப்பதாகக் கணக்குப் போட்டு எண்ணை ஏற்றிவிடும். காற்று லேசாக இருக்கும் வெயில் நாளில், ஓர் அடிக்கு மேல் பனி கிடந்தால், 55 என்று சொன்ன இடத்தில் 46 அல்லது 48 வரும் என்று எதிர்பாருங்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு. தென்மேற்குக் காற்று மணிக்கு 20 மைல் வேகத்தில் நிலத்தின் மேலாகவே வந்தால், மேலே இருக்கும் வெதுவெதுப்பைக் கலக்கிக் கீழே இறக்கிவிடும். அன்று 55 நடக்கும், தாண்டவும் கூடும். காற்று தென்கிழக்கிலிருந்து வந்தால் கதை வேறு. மார்ச் தொடக்கத்தில் சாண்டி ஹூக் கடல்நீரே 40 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதன்மேல் வந்த காற்று கரையோர ஊர்களை 45க்குள் பிடித்துவைத்துவிடும். ஆகவே எண்ணைப் பார்க்கும்போது பக்கத்திலேயே இருக்கும் காற்றுத் திசை அம்புக்குறியையும் பாருங்கள்.

வெள்ளத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு தப்பான கணக்கு இருக்கிறது: மழை பெய்தால் பனி கரைந்து வெள்ளம் வரும் என்று. மழை வெள்ளத்தைக் கூட்டுவது உண்மை, ஆனால் பனியைக் கரைப்பது பெரும்பாலும் மழையில்லை. 50 டிகிரி வெப்பமுள்ள மழை முழுசாக ஓர் அங்குலம் பெய்தாலும், அந்த நீரிலுள்ள வெப்பம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீருக்குச் சமமான பனியைத்தான் உருக்கும். கரைக்கும் வேலையை வேறொன்று செய்கிறது. ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப்போல, ஈரக் காற்று பனியின்மேல் படும்போது அதிலுள்ள நீராவி பனியின் மேலேயே நீராகப் படிகிறது. அப்படிப் படியும் ஒவ்வொரு கிராம் நீராவியும் வெளிவிடும் வெப்பம் ஏழரை கிராம் பனிக்கட்டியை உருக்கப் போதும். இது நடக்க வேண்டுமானால் காற்றின் டியூ பாயின்ட் 32 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். கீழே இருந்தால் எதிர்மாறாகப் பனியிலிருந்து ஈரம் காற்றுக்குப் போகும், போகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் 52 டிகிரி, டியூ பாயின்ட் 22 என்றிருக்கும் ஒரு வறண்ட பகலில் பனி சாதுவாகச் சுருங்குகிறது. 48 டிகிரி, டியூ பாயின்ட் 47, காற்று 20 மைல் என்று இருக்கும் ஓர் இரவு அதைத் தின்று தீர்த்துவிடுகிறது. தெர்மாமீட்டரை மட்டும் பார்ப்பவருக்கு முதல் நாள்தான் ஆபத்தாகத் தெரியும்.

இதற்குப் பாடம்போல அமைந்தது 1996. அந்த ஜனவரி 7, 8 தேதிகளில் அடித்த புயலில் பிலடெல்பியாவில் 30.7 அங்குலப் பனி விழுந்தது. பத்து நாளைக்கு மேல் பெரிய தொந்தரவில்லாமல் அது தரையிலேயே கிடந்தது. 19ஆம் தேதி தெற்கிலிருந்து ஈரமான வெப்பக் காற்று பலமாக ஏறிவந்து, கூடவே மழையும் கொட்டியபோது, பென்சில்வேனியாவின் பெரும்பகுதியில் பனி ஒரு பகல் ஓர் இரவுக்குள் தண்ணீராக இறங்கியது. மறுநாள் சஸ்குஹன்னா ஆற்றில் மிதந்துவந்த பனிக்கட்டிப் பாளங்கள் ஹாரிஸ்பர்க்கின் பழைய வால்நட் ஸ்ட்ரீட் பாலத்தின் பகுதிகளையே பெயர்த்துக்கொண்டு போயின. குளிர்காலக் கடைசியிலும் இது நடக்கும். 1936 மார்ச் 18 அன்று பிட்ஸ்பர்க்கில் ஆறு 46 அடிக்கு ஏறியதும் பனி உருகலும் மழையும் கைகோத்ததால்தான். அதே சமயம் பெரும் பனி விழுந்தாலே பெரும் வெள்ளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்ச் வெயில் தெளிந்த நாளில் ஏறக்குறைய கால் முதல் அரை அங்குலம் நீரை விடுவிக்கும், ராத்திரி உறைந்து அந்த ஓட்டத்தை நிறுத்திவிடும். இரண்டு அங்குல நீர் இப்படிப் போனால் ஒரு வாரம் ஆகும். சாக்கடைகளும் ஓடைகளும் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். மார்ச் புயல்களில் அதிகமும் இப்படி அமைதியாகத்தான் முடிகின்றன.

ஒன்றரை அடிப் பனியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நீங்களே அளந்துவிடலாம். பொதுக் கணக்கு பத்துக்கு ஒன்று, அதாவது 20 அங்குலப் பனிக்கு 2 அங்குல நீர். ஆனால் மார்ச் பனி ஈரமானது. ஏழுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்றுகூட அமையும். அப்படியானால் அதே 20 அங்குலத்தில் 3, 4 அங்குல நீர் உட்கார்ந்திருக்கும். நேரான சுவருள்ள ஒரு டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அகன்று அடி குறுகிய பாத்திரம் உதவாது. காற்று குவித்த மேடும் சுரண்டிய பள்ளமும் இல்லாத இடமாகப் பார்த்து, டின்னைக் கவிழ்த்து நேராகக் கீழே அழுத்துங்கள். பனி டின்னைவிட ஆழமாக இருந்தால் அதே துளையில் அடுத்தடுத்துப் புல் தட்டும்வரை எடுங்கள். எடுத்ததை மூடிவைத்து வீட்டுக்குள் உருகவிட்டு, அதே டின்னில் ஊற்றி ஸ்கேலால் நீரின் உயரத்தை அளவிடுங்கள். சீக்கிரம் உருகட்டும் என்று வெந்நீர் ஊற்றினால் அளவு கெட்டுப்போகும். மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள். ஷவலால் வெட்டும்போது அடிப்பாகத்தையும் கவனியுங்கள். பஞ்சுபோல இருந்த பனி 2, 3 மில்லிமீட்டர் மணிகளாகத் திரண்டு, அடியில் சொதசொதவென்று இருந்தால், அது முழுவதும் 32 டிகிரிக்கு வந்து பழுத்துவிட்டது என்று அர்த்தம். இனி மேலே விழும் மழையைப் பிடித்துவைக்காது, நேரே கீழே விட்டுவிடும். காய்ந்து பொடியாக இருக்கும் பனி மழையின் முதல் பங்கைக் கொஞ்ச நேரமாவது உறிஞ்சிக்கொள்ளும்.

அந்த அளவு கைக்கு வந்தால் வீட்டுக் கணக்கு சுலபம். ஓர் அங்குல நீர் ஒரு சதுர அடிக்கு 5.2 பவுண்டு எடை. 1,000 சதுர அடிக் கூரையில் 2 அங்குல நீர் என்றால் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல்; உருகினால் சுமார் 1,250 கேலன். நல்ல நிலையிலுள்ள சாய்கூரை இதைத் தாங்கும். தட்டையான கூரை, கார்போர்ட், பழைய டெக் இவற்றில்தான் கவனம் வேண்டும், அதுவும் பனியின்மேல் மழை வருமுன். மேற்கூரையின் விளிம்பிலிருந்து மூன்று நான்கு அடிவரை தரையில் நின்றபடியே நீளக் கம்புள்ள ரூஃப் ரேக்கால் இழுத்துவிட்டால், கூரை விளிம்பில் பனிக்கட்டி உறைந்து நீரைத் தேக்கும் ஐஸ் டேம் கட்டி உள்சுவரில் நீர் கசிவது பெருமளவு குறையும். ஏணி போட்டு ஏறாதீர்கள். பேஸ்மென்டைப் பொறுத்தவரை, ஆபத்தான தண்ணீர் பெரும்பாலும் ஆற்றிலிருந்து வருவதில்லை. உங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிக் குவித்த பனியிலிருந்துதான் வருகிறது. சுவரிலிருந்தும் பேஸ்மென்ட் ஜன்னலைச் சுற்றிய பள்ளங்களிலிருந்தும் நாலைந்து அடிக்குப் பனியைத் தள்ளிவிடுங்கள். கூரை நீரை இறக்கும் டவுன்ஸ்பவுட் குழாயின் வாய் புதைந்திருந்தால் தோண்டி எடுத்து, நீர் சுவரைவிட்டு ஆறடி தள்ளி விழும்படி குழாயை நீட்டுங்கள். பேஸ்மென்டில் சேரும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் குழியில் ஐந்து கேலன் வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஃப்ளோட் எழும்பி மோட்டார் ஓடினால் மட்டும் போதாது, வெளியே போய்க் குழாய் முனையில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டார் ஓடியும் தண்ணீர் வராததற்குக் காரணம் பெரும்பாலும் வெளிக்குழாயின் கடைசி இரண்டடியில் அடைத்துக்கொண்ட பனிக்கட்டிதான். தெருவோரச் சாக்கடை வாய் எங்கே என்று ஞாபகப்படுத்தி, பனிவண்டி குவித்த மேட்டில் ஓர் அடி அகலத்துக்கு வழி வெட்டிவிடுங்கள். இதைப் பகல் 32ஐத் தாண்டுவதற்கு முன்னால் செய்தால் பாதி வேலை. அப்புறம் அது உருகி மறுபடி உறைந்து கல்லாகிவிடும். ஃபர்னஸின் வெளிக்குழாய்கள் பனியில் மூடியிருக்கின்றனவா என்பதை எல்லாவற்றுக்கும் முன்பே பாருங்கள். அது அடைத்தால் வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வானிலை முன்னறிவிப்பு கிடையாது.

ஆறுகள் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. ராரிடன் வேகமான ஆறு. மான்வில், பவுண்ட் புரூக் பக்கம் மழை நின்ற ஒரு நாளுக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும். பசேய்க் அப்படியில்லை. அதன் மேல்பகுதி பனியுகத்து ஏரி ஒன்று வற்றிய தட்டையான படுகையில் ஓடுவதால், தண்ணீர் மெதுவாக ஏறி, வானம் வெளுத்த பிறகும் பல நாள் இறங்காமல் நிற்கும். லிட்டில் ஃபால்ஸ் பக்கம் உறவினர் இருந்தால், உங்கள் ஊரில் வெயிலடிப்பதை வைத்து அவர்களுக்குத் தைரியம் சொல்லாதீர்கள். எந்த அளவுமானியில் எத்தனை அடி, எப்போது உச்சம் என்பதைத் தேசிய வானிலை சேவையின் ஆற்று வரைபடத்தில் பார்க்கலாம். எடிசன் இருக்கும் மிடில்செக்ஸ் கவுண்டிக்கு மவுன்ட் ஹாலி அலுவலகம் பொறுப்பு. நூவர்க், பசேய்க் பக்கம் நியூயார்க்கின் அப்டன் அலுவலகம். இந்த அலுவலகங்கள் தினமும் வெளியிடும் ‘ஏரியா ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்’ என்ற உரைநடைக் குறிப்பைப் படியுங்கள். எந்த எண்ணில் அவர்களுக்கே சந்தேகம் என்பதை அதில் மனிதர்கள் வெளிப்படையாக எழுதுகிறார்கள். சாதாரண ஆப்களில் அது கிடைக்காது. மணிக்கணக்கு வரைபடத்தில் டியூ பாயின்ட் கோட்டைத் தேடி, அது 45க்கு மேல் ஆறு மணி நேரத்துக்கு மேலாக, அதுவும் இரவில், காற்றோடு சேர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். கூடவே ஓர் அங்குலத்துக்கு மேல் மழையும் போட்டிருந்தால் பேஸ்மென்டில் தரையில் கிடக்கும் அட்டைப்பெட்டிகளை அன்று மாலையே மேலேற்றிவிடுவது நல்லது. பனிமேட்டின்மேல் அடர்த்தியாக மூடுபனி படியத் தொடங்கினால் அந்த உருகல் தொடங்கிவிட்டது என்று கண்ணாலேயே தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு புயல் வருமா என்பதற்கு வருவோம். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமே சொல்லும் கணக்குப்படி ஐந்து நாள் முன்கணிப்பு சுமார் 90 சதவீதம் சரியாக இருக்கும், ஏழு நாள் 80, பத்து நாளும் அதற்கு மேலும் என்றால் பாதிக்குப் பாதி. எனவே ‘வரும் 14ஆம் தேதி 12 அங்குலம்’ என்று யாராவது பத்து நாள் முன்னால் படம் போட்டால் அதை ஷேர் செய்யாதீர்கள். அது ஒரே மாடலின் ஒரே ஓட்டம். ஆறு மணி நேரம் கழித்து வரும் அடுத்த ஓட்டத்தில் புயலே காணாமல் போயிருக்கலாம். பார்க்க வேண்டியது கிரீன்லாந்து. அங்கே உயரழுத்தம் தடுப்புச் சுவராக நின்றால், அதாவது வட அட்லாண்டிக் காற்றழுத்த ஊசலாட்டத்தை அளக்கும் என்ஏஓ குறியீடு எதிர்மறையில் தங்கினால், குளிர் இந்தப் பக்கமே தேங்கும், புயல்கள் கடலுக்குள் ஓடிவிடாமல் கரையோரம் தயங்கும். 2018இல் நடந்தது இதுதான். பிப்ரவரி நடுவில் துருவத்துக்கு மேலே ஸ்ட்ரேட்டோஸ்பியர் என்னும் உயர வளிமண்டல அடுக்கு திடீரென்று சூடாகி, குளிரைத் துருவத்தில் கட்டிவைக்கும் துருவச் சுழல் உடைந்தது, மாதக் கடைசியில் தடுப்பு உருவானது, மார்ச் 2, 7, 13, 21 தேதிகளை ஒட்டி மூன்றே வாரத்தில் நான்கு நார்ஈஸ்டர்கள் வந்தன. தடுப்பு இல்லாத ஆண்டுகளில் புயலுக்கு அடுத்த வாரமே ஜாக்கெட்டைக் கழற்றிவிடலாம்.

தேசிய வானிலை சேவையைச் சேர்ந்த கிளைமேட் பிரெடிக்‌ஷன் சென்டர் தினமும் பிற்பகல் வெளியிடும் 6–10 நாள், 8–14 நாள் வரைபடங்கள் இந்தச் சாய்வைத்தான் காட்டுகின்றன. அதில் நியூ ஜெர்சிமேல் கருநீலம் அடித்திருந்தால் கடுங்குளிர் என்று பலரும் படிக்கிறார்கள். நிறம் குளிரின் அளவைச் சொல்லவில்லை. வழக்கத்தைவிடக் குளிராக இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்பதைச் சொல்கிறது. வழக்கத்தைவிடச் சில டிகிரி மட்டும் குறைந்தாலும் அது பலித்ததாகத்தான் கணக்கு. குளிர், வழக்கம், வெதுவெதுப்பு என்ற மூன்று வகையில் எதுவும் முந்தாதபோது ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம், ஆகவே 40 என்பது லேசான சாய்வு, 70 என்பது கவனிக்க வேண்டியது. குளிர் வரைபடமும் ஈர வரைபடமும் ஒரே சமயத்தில் 50ஐத் தாண்டினால், ஷவலைக் கராஜின் முன்பக்கமே வைத்திருங்கள்.

அப்படி ஒன்று வந்தாலும் நிலைமை ஜனவரி மாதிரி இருக்காது. மார்ச் பின்பாதியில் பகலில் மெல்லிசாக விழும் பனி தார்ச்சாலையில் தங்குவதே அரிது. மணிக்கு ஓர் அங்குலம் என்ற வேகத்தில் கொட்டினால்தான் தங்கும், இல்லாவிட்டால் இரவில் விழ வேண்டும். அதனால் ‘6 அங்குலம்’ என்ற அறிவிப்பு வந்தால் எத்தனை மணிக்கு விழும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நள்ளிரவு முதல் காலை எட்டு வரை என்றால் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவிடலாம். பகல் பத்து முதல் மாலை நான்கு வரை என்றால் புல்வெளி வெளுக்கும், சாலை பெரும்பாலும் ஈரமாக மட்டும் இருக்கும். ஏப்ரல் பிறந்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது: 1982 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 9.6 அங்குலம் விழுந்தது, 1997இல் மார்ச் 31, ஏப்ரல் 1 தேதிகளில் பாஸ்டனில் 25.4 அங்குலம். பாஸ்டனில் அதற்கு முந்தின நாள்தான் 60 டிகிரியைத் தாண்டியிருந்தது.